கோட்டையா, செத்த காலேஜா

கும்மிடிப்பூண்டி
20.1.1974

ஹேமா அக்காவுக்கு வல்லியின் நமஸ்காரம். நான் நன்றாக இருக்கிறேன். பொங்கலுக்குத் திருவள்ளூர் போய் வந்தேன். அப்பா கோயில் கைங்கரியத்துக்கு விடியும் முன்பே போய்ப் பன்னிரண்டு மணிக்குத்தான் வீடு திரும்புகிறார். முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. அத்திம்பேருக்கும் குழந்தைக்கும் உடம்பு எப்படி என்று எழுது.

ஒரு யோசனை கேட்கத்தான் இந்தக் கடிதம். நானும் ஞானம்மாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டணம் வரலாம் என்று இருக்கிறோம். ஞானம்மா எங்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். இரண்டு வருஷமாக இருவரும் ஒரே அறையில் இருக்கிறோம். அவள் அப்பா யேசுதாஸ் முன்பு வயல் வேலைக்குப் போனவர். இப்போது புதுவாயலில் ஒரு இரும்புக் கம்பெனியில் உலை முன்னால் நிற்கிறார்.

காலை ரயிலில் வந்து மாலை ரயிலில் திரும்பினால் ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும். ஜார்ஜ் கோட்டையா, எழும்பூர் மியூசியமா? எனக்குக் கோட்டைதான். வெள்ளைக்காரன் கோட்டை கட்டிய பாடத்தை மூன்று வருஷமாக நடத்துகிறேன். போன வாரம் செண்பகம் என்கிற பெண் எழுந்து, "டீச்சர், நீங்க அத்த பாத்துகீறீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

இன்னொன்று. நான் வருகிறேன் என்றதும் யாரையாவது பெண் பார்க்க அழைத்துவிடாதே. ஆவணியில் வந்தவர்கள் என்னைக் கூடத்தில் இரண்டு தரம் நடக்கவிட்டுப் பார்த்தார்கள். கால் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்களாம். வேலையையும் விட்டுவிட வேண்டும் என்றார்கள். இனி யார் முன்னாலும் தட்டை ஏந்திக்கொண்டு வந்து நிற்க மாட்டேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். இந்த வேலையைவிட்டு என்னைக் கிளப்புகிற எந்த வரனும் எனக்கு வேண்டாம்.

உன் தங்கை
வல்லி


திருவல்லிக்கேணி
29.1.1974

சிரஞ்சீவி அரவிந்தவல்லிக்கு ஆசீர்வாதம். பெருமாள் கிருபையில் இங்கு எல்லோரும் சௌக்கியம். குழந்தைக்குச் சளி, மற்றபடி குறும்புக்குக் குறைவில்லை. அப்பாவுக்கு நல்லெண்ணெயை வெதுவெதுப்பாகக் காய்ச்சித் தடவச் சொல்.

கோட்டையில் என்னடி இருக்கிறது? ஒரு கொடிமரம், சர்க்கார் ஆபீஸ், வாசலில் போலீஸ்காரன். உன் அத்திம்பேர் ஒரு மனுவைத் தூக்கிக்கொண்டு போய் மூன்று மணி நேரம் வெயிலில் நின்றுவிட்டு வந்தார். அவர் பார்த்த சரித்திரம் அவ்வளவுதான்.

மியூசியத்துக்கு வா. ஜனங்கள் அதைச் செத்த காலேஜ் என்று சொன்னால் சொல்லட்டும். மிருகக்காட்சி சாலையை உயிர் காலேஜ் என்று சொல்பவர்கள்தானே அவர்கள். திமிங்கில எலும்பு இருக்கிறது. பழைய வெண்கல விக்கிரகங்களுக்கென்று தனிக் கட்டிடமே இருக்கிறது. நிழலாக இருக்கும், வெளிச்சமும் நன்றாக விழும். முகம் தெளிவாகத் தெரியும். விக்கிரகத்தின் முகத்தைச் சொல்கிறேன்.

பெண் பார்க்கிற பேச்சை நான் ஏன் எடுக்கப் போகிறேன்? இருபத்தேழு வயது ஆகிவிட்டது, நீயே பெரிய மனுஷி.

ஹேமாம்புஜம்


கும்மிடிப்பூண்டி
8.2.1974

அக்காவுக்கு நமஸ்காரம். நான் சௌக்கியம். எண்ணெய் விஷயத்தை அப்பாவிடம் சொன்னேன். தடவிக்கொள்ள நேரம் இல்லையாம்.

நீ சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பட்டணம் பிறந்ததே அந்தக் கோட்டையில்தான். கோட்டைக்குள் இருக்கும் மாதா கோயில் முந்நூறு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. அந்தச் சுவர், அந்தக் கல், எல்லாம் கட்டின இடத்திலேயே நிற்கிறது. மியூசியத்தில் இருப்பதெல்லாம் எங்கெங்கோ இருந்து பிடுங்கிக்கொண்டு வந்து நிற்கவைத்தவை. கீழே ஒரு சீட்டு, அதில் பேர், வயசு, கிடைத்த ஊர். போகிறவர் வருகிறவர் எல்லாம் உற்று உற்றுப் பார்க்கலாம். அதில் என்ன பெருமை?

ஆனால் அறைக்குள்ளேயே எனக்கு ஓட்டு இல்லை. ஞானம்மா உன் கட்சி. "கோட்டைய வெளியில நின்னே பாத்துக்கலாம் வல்லி. செத்த காலேஜுலதான் நம்மள உள்ள வுடுவாங்க," என்கிறாள். அவள் எதையும் இப்படித்தான் பேசுவாள். வேடிக்கையா கோபமா என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு நாள் ஆகும்.

நீ ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறாய் என்பது மட்டும் புரியவில்லை. கல்யாணமாகிப் பட்டணம் போய் எட்டு வருஷத்தில் நீ மியூசியத்துக்கு எத்தனை தடவை போயிருக்கிறாய்?

வல்லி


திருவல்லிக்கேணி
17.2.1974

சிரஞ்சீவி வல்லிக்கு ஆசீர்வாதம். இங்கு க்ஷேமம். குழந்தைக்குச் சளி விட்டது.

ஒரு தடவை போயிருக்கிறேன், போதுமா? குறுக்குக் கேள்வி எல்லாம் பள்ளிக்கூடத்தோடு வைத்துக்கொள். மார்ச் பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை என்று முடிவு செய்துவிட்டேன். நேரே மியூசியத்துக்கு வா. சரியாகப் பதினொரு மணிக்கு வெண்கல விக்கிரகங்கள் இருக்கும் கட்டிடத்தில், மகாவிஷ்ணு பக்கத்தில் இரு. நான் வந்துவிடுகிறேன். வீட்டில் ஏதாவது தடங்கல் வந்தால் வராமலும் போகலாம், அதற்காக ஓடிவிடாதே, நிதானமாக நின்று பார்.

பார்சலில் ஒரு பட்டுப்புடவை அனுப்பியிருக்கிறேன். அரக்கு நிறம், மாம்பழக் கலர் கரை. அதைத்தான் உடுத்திக்கொண்டு வர வேண்டும். நூல் புடவையைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றால் எனக்குக் கெட்ட கோபம் வரும். தலை நிறையப் பூ வைத்துக்கொள்.

ஹேமாம்புஜம்


கும்மிடிப்பூண்டி
27.2.1974

அக்காவுக்கு நமஸ்காரம். நான் சௌக்கியம், அங்கும் அப்படியே என்று நினைக்கிறேன்.

புடவை வந்தது. அழகாக இருக்கிறது. நீ சொன்ன இடம், நீ சொன்ன நேரம். உன் இஷ்டப்படியே ஆகட்டும்.

வல்லி


திருவல்லிக்கேணி
14.3.1974

சிரஞ்சீவி சௌபாக்கியவதியாகப் போகும் வல்லிக்கு ஆயிரம் ஆசீர்வாதம். இங்கு எல்லோரும் சௌக்கியம் மட்டும் இல்லை, ஆனந்தம்.

நான் அன்றைக்கு வரவில்லை என்று கோபித்துக்கொண்டிருப்பாய். வேண்டுமென்றேதான் வரவில்லை. இனி மறைக்க ஒன்றும் இல்லை. உன் அருகில் வந்து பேசினாரே ஒரு மாமி, அவர்தான் மாப்பிள்ளையின் தாயார். நாலடி தள்ளி மூக்குக்கண்ணாடியோடு நின்றவர் மாப்பிள்ளை, பெயர் ரங்கா. கோட்டையில் செக்ரட்டேரியட் வேலை. நீ கோட்டை கோட்டை என்று அடம் பிடித்தபோது நான் ஏன் அவ்வளவு மறுத்தேன் என்று இப்போது புரிகிறதா? ஆபீஸ்காரர்கள் கண் முன்னால் பெண் பார்க்க யாருக்குத்தான் மனசு வரும்?

மாமிக்கு உன்னை அப்படிப் பிடித்துவிட்டது. அரக்குப் புடவையைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொண்டாராம். "மாநிறந்தான், ஆனா முகத்துல என்ன களை," என்கிறார். உன்னைப் போய் மாநிறம் என்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு. தினம் வெயிலில் நடந்து கருத்துவிட்டாய் போலிருக்கிறது. நெற்றியில் பொட்டு இல்லை என்பதையும் கவனித்திருக்கிறார். "வேர்வையில அழிஞ்சிருக்கு, கண்ணாடி பார்க்காத வெகுளி," என்று அவரே சமாதானமும் சொல்லிவிட்டார்.

எல்லாவற்றுக்கும் மேலே நீ சொன்ன வார்த்தை. பெருமாளையே பார்த்துக்கொண்டிருந்தாயாம். என்னம்மா பார்க்கிறாய் என்று கேட்டதற்கு, இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததே இல்லை என்றாயாம். கண் கலங்கியிருந்ததாம். "நித்தியம் கோயில் வாசல்ல பொறந்து வளர்ந்த பொண்ணு, இன்னும் கிட்டக்க சேவிக்கணும்னு தவிக்கறது பாருங்கோ. பக்தின்னா இதுன்னா," என்று மாமி என்னிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். உன் கன்னத்தை வழித்துத் திருஷ்டி முறித்ததையும் சொன்னார்.

சித்திரையில் நிச்சயதார்த்தம். அப்பாவுக்கும் எழுதிவிட்டேன்.

ஹேமாம்புஜம்


கும்மிடிப்பூண்டி
19.3.1974

அக்காவுக்கு.

நமஸ்காரம் எழுதக் கை வரவில்லை. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

அன்றைக்கு அந்தப் புடவையை உடுத்தியிருந்தது நான் இல்லை. ஞானம்மா. பட்டணம் போக அவளிடம் நல்ல புடவை இல்லை, கொடுத்தேன். கன்னத்தை வழித்தார்களே, அது அவள் கன்னம். பொட்டு வேர்வையில் அழியவில்லை. அவர்கள் வீட்டில் பொட்டு வைப்பதில்லை, கிறிஸ்தவ வேதக்காரர்கள். வைஷ்ணவக் களை என்று உன் மாமி கண்டுபிடித்தது புதுவாயல் யேசுதாஸின் மகள் முகத்தில்.

எனக்கு வருகிற கோபத்தில் எதை முதலில் எழுதுவது என்று தெரியவில்லை. ஜனவரியில் அவ்வளவு தெளிவாக எழுதினேன். பெண் பார்க்கிற பேச்சை நான் ஏன் எடுக்கப் போகிறேன் என்று பதில் எழுதினாய். கோட்டையில் வெயில், மியூசியத்தில் நிழல், விக்கிரகத்தின் முகம் என்று எத்தனை பொய். செத்த காலேஜில் பாடம் பண்ணி வைத்திருக்கிற ஜந்துக்களுக்குக்கூடத் தங்களைப் பார்க்க யாரோ வருகிறார்கள் என்று பயம் கிடையாது, செத்துவிட்டன. என்னை உயிரோடு அங்கே நிற்கவைத்துக் காட்ட நினைத்தாயே. தட்டாவது கையில் இருந்தால் எதற்கு நிற்கிறோம் என்று எனக்குத் தெரியும். அந்த மரியாதையைக்கூட நீ எனக்குக் கொடுக்கவில்லை.

அப்பாவுக்கு வேறு எழுதிவிட்டாய். நீ எழுதியதை நீயே அழித்து எழுது.

வல்லி


திருவல்லிக்கேணி
28.3.1974

வல்லிக்கு ஆசீர்வாதம். என் உடம்பைப் பற்றிக் கேட்காதே. நான்கு நாளாகத் தலைவலி.

என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டாய் தெரியுமா? மறைத்தால் நிச்சயதார்த்தத்தன்று கூடத்தில் வைத்து மானம் போகும். அதனால் நானே போய் மாமியிடம் உண்மையைச் சொன்னேன். யார், என்ன குலம், அப்பா என்ன வேலை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சொன்னேன். எழுந்து உள்ளே போனார். தலைக்கு ஸ்நானம் செய்துவிட்டு ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்தார். மாப்பிள்ளை கையில் இருந்த பேப்பரை விட்டுத் தலையைத் தூக்கவே இல்லை. "அன்னிக்கே எனக்கு என்னவோ மாதிரி இருந்தது," என்றார் மாமி. களை என்று சொன்ன அதே வாய்.

ஆனாலும் அவர்கள் பெரிய மனசுக்காரர்கள். உன்னை வந்து பார்க்கச் சம்மதித்திருக்கிறார்கள். இரண்டு நிபந்தனை. அந்த அறையை உடனே விட்டுவிட்டு நீ திருவள்ளூரில் அப்பாவோடு இருக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன் வேலைக்கு ராஜிநாமா கொடுக்க வேண்டும். அப்பா ஏற்கெனவே கோயிலில் நாலு பேரிடம் சொல்லிவிட்டார். அவர் முகத்தை நினைத்துக்கொண்டு பதில் எழுது.

அந்தப் பெண்ணும் லேசுப்பட்டவள் இல்லை. கண் கலங்கினாளாமே, எதற்கு அந்த நடிப்பு?

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் எழுது. இது பெண் பார்க்கிற ஏற்பாடு என்று உனக்கு முன்பே தெரியுமா? தெரிந்துதான் அந்தப் புடவையை அவளுக்குக் கட்டிவிட்டாயா?

ஹேமாம்புஜம்


கும்மிடிப்பூண்டி
6.4.1974

அக்காவுக்கு நமஸ்காரம். தலைவலி தீர்ந்திருக்கும் என்று நம்புகிறேன்.

அறையை விட மாட்டேன். வேலையை விட மாட்டேன். மனுஷியைத் தொட்டதற்குத் தலைமுழுகுகிற வீட்டில் நான் காலை வைக்க மாட்டேன். அப்பாவுக்கு நானே எழுதிவிட்டேன். அவர் பதில் போடவில்லை, போடும்போது போடட்டும். உன் மாமியின் பெரிய மனசை அவரே பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும். நடிப்பு என்று எழுதினாயே, அதை நீ யாரைப் பற்றி எழுதினாய் என்று தெரிந்துதான் எழுதினாயா? புடவை விஷயத்தை ஏற்கெனவே எழுதிவிட்டேன்.

உன் கடிதத்தை ஞானம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முந்தின கடிதத்தையும்தான். களை, வெகுளி, பக்தி என்று வாசிக்கும்போது இருவரும் விழுந்து விழுந்து சிரிப்போம் என்று நினைத்தேன். முதல் கடிதத்துக்கே அவள் சிரிக்கவில்லை. இரண்டாவதை வாசித்துக்கொண்டிருக்கும்போதே என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு கடைசிவரை தானே படித்தாள். "இது உனக்குத் தெரியுமா?" என்றாள். "நீ வேற," என்றேன். கடிதத்தை நான்காக மடித்து என் தலையணைமேல் வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு புதுவாயலுக்குப் போய்விட்டாள். ஆறு நாள் ஆகிறது. பள்ளிக்கூடத்துக்கு அங்கிருந்தே பஸ்ஸில் வருகிறாள். வகுப்பு முடிந்ததும் போய்விடுகிறாள்.

அவளுக்காகத்தானே நான் இத்தனை பேரையும் பகைத்துக்கொண்டு நிற்கிறேன். என்மேல் அவளுக்கு என்ன கோபம்?

வல்லி


புதுவாயல்
28.4.1974

அரவிந்தவல்லி டீச்சருக்கு, கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துதல். நைனா சுகம். நானும் சுகம். உங்கள் சுகத்துக்கு ஜெபிக்கிறேன் என்று அடுத்த வரி எழுதுவது எங்கள் வழக்கம். இன்றைக்கு அது பொய்யாக இருக்கும், எழுதவில்லை.

நீங்கள் அனுப்பிய மூன்று கடிதமும் கிடைத்தது. மூன்றிலும் அந்த மாப்பிள்ளை வீட்டு அம்மாவைத் திட்டியிருக்கிறீர்கள், உங்கள் அக்காவைத் திட்டியிருக்கிறீர்கள். எனக்காகக் கல்யாணத்தையே வேண்டாம் என்றதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கல்யாணம் வேண்டாம் என்று நீங்கள் ஜனவரியிலேயே சொன்னவர். அதை என் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அந்த அம்மா தலைக்கு ஊற்றிக்கொண்டது எனக்குப் புதுசு இல்லை. எங்கள் நைனா பதினைந்து வயது வரைக்கும் கோயில் நிலத்தில் நாற்று நட்டவர். திருவிழா அன்றைக்குச் சாமி புறப்பட்டு வரும்போது எங்கள் ஆட்கள் ஒரு வயல் தூரம் தள்ளி வரப்பில் நிற்பார்கள். அங்கேயிருந்து பார்த்தால் குடை தெரியும், தீவட்டிப் புகை தெரியும், சாமி தெரியாது. அப்புறம் வேதத்துக்கு வந்துவிட்டோம். எங்களுக்கு அந்தச் சாமி வேண்டாம், அது வேறு விஷயம். அன்றைக்கு அந்த விக்கிரகத்துக்கு எதிரே நின்றபோது, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருப்பதைக் காட்டக்கூடவா எங்களை அவ்வளவு தூரம் நிறுத்தினார்கள் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தில்தான் கண் கலங்கியது. "இவ்ளோ கிட்ட பாத்ததே இல்ல," என்று சொன்னதும் அந்த ஆத்திரத்தில்தான். அதை உங்கள் ஆட்கள் பக்தி என்று எடுத்துக்கொண்டு எனக்குத் திருஷ்டி கழித்தார்கள். அப்புறம் நடிப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். ஊருக்கு வந்ததும் நைனா, "இன்னா பாப்பா, பெருமாளு எப்டி கீறாரு?" என்று கேட்டார். "நல்லா கீறாரு நைனா, அவருக்கு ஒரு கொறையும் இல்ல," என்றேன். அதற்கு மேல் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. இனியும் சொல்ல மாட்டேன்.

அந்த அம்மாவுக்கு நான் யார் என்று தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

புடவையைக் கட்டிவிட்டது நீங்கள். எனக்கு வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கொசுவம் வைத்தீர்கள். பூ வைத்துக்கொள்ள மாட்டேன் என்று தெரிந்தும் வாங்கி வைத்தீர்கள். பதினொரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது, "நீ இங்கேயே நில்லு, நான் தண்ணி குடிச்சுட்டு வரேன்," என்று போனீர்கள். பதினொன்றரைக்குத்தான் வந்தீர்கள். நடுவில் வாசல் பக்கத்தில் நின்று நீங்கள் எட்டிப் பார்த்ததை நான் பார்த்தேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். ஏதோ விளையாட்டு என்று நானும் சிரித்தேன்.

உங்கள் அக்கா கடிதத்தின் கடைசியில் ஒரு கேள்வி இருந்தது. நடிப்பு என்கிற வரியைக்கூட உரக்க வாசித்த நீங்கள், அந்த இடம் வந்ததும் நிறுத்தி, அவ்வளவுதான் என்று மடிக்கப் பார்த்தீர்கள். அதனால்தான் கையிலிருந்து வாங்கினேன். உங்களிடமே கேட்டேன். "நீ வேற," என்றீர்கள். அதுதான் பதில்.

உங்களைக் கேட்காமல் கொண்டுபோய் நிற்கவைக்கப் பார்த்தது உங்கள் அக்கா. என்னைக் கேட்காமல் கொண்டுபோய் நிற்கவைத்தது நீங்கள். உங்கள் அக்காவுக்காவது உங்களுக்கு ஒரு நல்லது நடக்க வேண்டும் என்று ஆசை இருந்தது. உங்களுக்கு என்ன இருந்தது? உங்கள் அக்காவை முட்டாளாக்க ஒரு ஆள் வேண்டும். எங்கள் ஆளாக இருந்தால் அந்த அவமானம் அவர்களுக்கு இன்னும் நன்றாக உறைக்கும். அதைக் கணக்குப் போட்டுத்தான் செய்தீர்கள். நான் கணக்கு டீச்சர், எனக்கு அது தெரியாமல் போகாது.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் வருவேன். வேலை விஷயமாக எது இருந்தாலும் ஸ்டாஃப் ரூமில் பேசலாம். அறைச் சாவியை வீட்டுக்கார அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

இரண்டு வருஷம் நீ, வா, போ என்று பேசிப் பழகிய கை. 'நீ' என்றே எழுத வருகிறது. ஒவ்வொரு இடத்திலும் அடித்துவிட்டு 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறேன். அடித்தல் திருத்தலுக்கு மன்னிக்கவும்.

இப்படிக்கு
ய. ஞானம்மா